பதினெட்டுப் பெட்டி லயம்

உமாதேவிக்கு உரக்கப் பேச வராது. ரிங்லெட் ஊருக்கு மேலே, ஏரியைத் தாண்டிப் போகும் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், ஏழாம் நம்பர் வீட்டில் பிறந்தவள் அவள். கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் பதினெட்டு வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். ஏழாம் வீட்டில் ஒருவர் தும்மினால் எட்டாம் வீட்டிலிருந்து மருந்து சொல்வார்கள். எப்படியும் கேட்கத்தானே போகிறது என்று அங்கே எல்லாரும் கத்தியே பேசினார்கள். உமாதேவி அதே காரணத்துக்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தாள். ‘நன்றாகப் படிக்கிறாள், வாய்தான் திறப்பதில்லை’ என்று அங்கிருந்து எழுதி அனுப்பினார்கள். தானா ராத்தா இடைநிலைப் பள்ளியிலிருந்து அதையே மலாயில் எழுதி அனுப்பினார்கள். கொழுந்து லோரி ஓட்டிய அவளுடைய அப்பா பக்கிரிசாமி இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் பேசுவதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது என்றார். அவர் பார்த்த திசையில் அவர் மனைவி பவளம் நின்றிருந்தாள். பவளம் அன்று கொடுத்த பதில் பதினான்காம் வீடு வரை போய்ச் சேர்ந்தது.

ஈப்போ பாலிடெக்னிக்கில் தொலைத்தொடர்பு படித்து முடித்ததும், பிரிஞ்சாங்கில் சைஃபுல் நடத்திய சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சைஃபுலின் அத்தா மீரான் கீழே உணவுக்கடை வைத்திருந்தார். மகன் மாடியில் சிக்னல் வியாபாரம் வைத்தார். இரண்டு தொழிலுக்கும் ஒரே கொள்கைதான்: வந்தவர் கேட்டதைக் கொடு, கேட்காததைச் சொல்லிக் குழப்பாதே. பரோட்டாவுக்கு இந்தக் கொள்கை நன்றாகவே பொருந்தியது.

கைப்பேசி டவரைச் சுருக்கிச் காலில் போடும் சப்பாத்து வரும் பெட்டி அளவுக்குச் செய்த ஒரு கருவியை மாட்டுவதுதான் உமாதேவியின் வேலை. டவர் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும், ஹோட்டல் சுவரோ தடித்தது, கூடவே மூடுபனி. இப்படிப்பட்ட இடங்களில் மாடிக்கு நான்கைந்து பெட்டி மாட்டினால் உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம். பத்து வருஷத்தில் பிரிஞ்சாங்கின் முக்கால்வாசி ஹோட்டல் கூரைகளுக்குள் ஊர்ந்திருந்தாள். எந்த மேனேஜர் சிகரெட்டை எங்கே ஒளித்துவைக்கிறார் என்பது வரை அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்த லயத்தில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் பதினான்காம் நம்பர் தேயிலை மலையின் வளைவு வரை ஏற வேண்டும். அங்கே ஒரு பாறை மேல் நின்று, வலது காலை மட்டும் சற்று உயர்த்தினால் ஊருக்குக் கேட்கும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். எட்டாம் வீட்டு ஆண்டியப்பனுக்குப் போன வருஷம் நெஞ்சு வலித்தபோது, அவர் மகன் மகேன் மழையில் அந்த வளைவுக்கு ஓடி ஆம்புலன்ஸை அழைத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் ஆண்டியப்பனுக்கு வலி நின்றுவிட்டது; மூச்சு வாங்கி மயங்கிக் கிடந்த மகேனைத்தான் படுக்க வைத்து ஏற்றினார்கள். ஆண்டியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து துணைக்குப் போனார். லயத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் வளைவுப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அடுத்த முறை வலி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் உமாதேவி ஈப்போவில் தொலைத்தொடர்புக் கம்பெனிக்காரர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று பதினோரு நிமிஷம் தொடர்ந்து பேசினாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் அவ்வளவு பேசியதில்லை. கம்பெனி மனமிரங்கியது. தோட்ட ஆபீசுக்கு வந்த கேபிளை லயம் வரை இழுத்து, ஆறு மாதச் சோதனைக்கு வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பதினெட்டு பெட்டிகள் கொடுத்தது. நான்கைந்தே போதும் என்று உமாதேவி சொல்லிப் பார்த்தாள். யார் வீட்டில் மாட்டுவது, யார் வீட்டை விடுவது என்று கம்பெனிக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவள் பதினெட்டையும் வாங்கிக்கொண்டாள்.

மாட்டிய நாட்களில் அவள் கம்போங் ராஜாவில் வேறு வேலையாக இருந்தாள். சைஃபுலின் ஆட்கள் கடைக் கொள்கைப்படி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் கேட்டு மாட்டினார்கள். எங்கே மாட்டலாம்? பச்சை விளக்கு எரிகிற பொருள், பார்க்க லட்சணமாக இருக்கிறது, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சாமி கிழக்கே பார்க்க வேண்டும் என்பதால் பதினெட்டு வீட்டிலும் படங்கள் மேற்குச் சுவரில்தான். எவ்வளவு வேகம் வைக்கலாம்? ஃபுல். பக்கத்து வீட்டில் எவ்வளவு வைத்தீர்கள்? ஃபுல். அப்படியானால் எங்களுக்கு அதற்கு மேல். கடைசியாக, இந்தப் பெட்டியில் யார் யார் பேசலாம்? இந்தக் கேள்விக்கு மட்டும் பதினெட்டு வீடும் ஒரே பதில் சொன்னது: எங்கள் வீட்டு நம்பர் மட்டும். மாமாங்கமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், பூட்டு போட ஒன்று கிடைத்ததும் பூட்டிக்கொண்டார்கள்.

முதலில் மூன்று வீட்டுக்கு மாட்டியபோது பேச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து வீடு ஆனபோது கரகரத்தது. பதினெட்டும் எரிந்த நாளிலிருந்து பத்து அழைப்பில் ஏழு அறுந்தது. ஜனங்கள் மறுபடியும் வளைவுக்கு ஏற ஆரம்பித்தார்கள், இந்த முறை திட்டிக்கொண்டே. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சோதனை. பதினெட்டு வீடும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் பேச வேண்டும். ஒரு அழைப்பு வரை அறுந்தால் பரவாயில்லை. ஒரு வீடு பேசாமல் இருந்தாலோ சோதனையே செல்லாது. தோற்றால் பெட்டிகளைக் கழற்றி பிரிஞ்சாங்கில் ஒரு புது ஹோட்டலுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

“ஹோட்டல்காரன் தினம் போன் பண்றான் லா உமா,” என்றார் சைஃபுல். “நம்ம கையில பத்து நாள்தான் இருக்கு. உன் ஊரு, உன் ஜனம். நீதான் போய்ப் பேசணும்.”

பேசச் சொன்னதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அவள் அம்மா பவளம் கூடத்தில் கிழக்குச் சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவாள். அவளுடைய சொந்தப் பெட்டி எதிரே மேற்குச் சுவரில், கூடத்துக்கு அந்தக் கோடியில். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு பலகை தாண்டி, எட்டாம் வீட்டின் மேற்குச் சுவர். அங்கே ஆண்டியப்பன் மனைவி துளசியின் பெட்டி ஃபுல்லில் அலறிக்கொண்டிருந்தது. பவளத்தின் கைப்பேசிக்கு அதுதான் பெரிதாகக் கேட்கும். ஆனால் அது பவளத்தை உள்ளே விடாது. தூரத்திலிருந்து கூப்பிடும் சொந்தப் பெட்டியின் குரலையும் அது அமுக்கிவிடும். இதே கதைதான் பதினெட்டு வீட்டிலும். பெட்டிகளின் சத்தத்தை, அதாவது அந்த ‘ஃபுல்’ வேகத்தை, குறைக்க வேண்டும், பூட்டுகளைத் திறந்துவிட வேண்டும், எந்தப் பெட்டி பக்கத்தில் இருக்கிறதோ அதில் யாரும் பேசலாம் என்று ஆக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைப்பதை மடிக்கணினியில் உட்கார்ந்தபடியே செய்தாள். யாருக்கும் தெரிவிக்கவில்லை. ‘ஃபுல்’ போய்விட்டது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்தில் ஏழு அறுந்தது ஐந்தாகக் குறைந்தது. பூட்டைத் திறக்கத்தான் வீட்டுக்கு வீடு கையெழுத்து வேண்டியிருந்தது. ஒரு வீடு மறுத்தாலும் முழு லயத்துக்கும் மாற்ற முடியாது என்று படிவத்திலேயே போட்டிருந்தது.

வீடு வீடாகப் போனாள். பதினாறாம் வீட்டு நேப்பாளத் தம்பிகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டு டீ கொடுத்தார்கள். முதல் வீட்டுச் சாமிநாதன் கோயில் கமிட்டித் தலைவர். படிவத்தை இரண்டு முறை படித்து, தலைவர் என்று அடைப்புக்குள் எழுத இடமில்லையே என்று வருத்தப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். துளசி சிரித்துக்கொண்டே போட்டாள். “உங்கம்மா எங்க பெட்டியில தாராளமா பேசட்டும்மா. நாங்க என்ன அளந்தா குடுக்கப்போறோம்?” என்று பலகையைப் பார்த்து, சற்று உரக்கவே சொன்னாள்.

பதினேழு கையெழுத்து சேர்ந்தது. மறுத்த ஒரே வீடு ஏழாம் வீடு.

பவளத்துக்கும் துளசிக்கும் பேச்சு நின்று பத்து வருஷம். பதினோரு வருஷத்துக்கு முன் பக்கிரிசாமி இறந்தார். லயத்து மாரியம்மன் திருவிழா பத்து நாள். நாளுக்கு ஒரு குடும்பம் உபயம். பூசைச் செலவும் சாப்பாடும் அந்த வீட்டுடையது, மாலை மரியாதையும் அந்த வீட்டுக்கே. மூன்றாம் நாள் பக்கிரிசாமி வீட்டு உபயம். அந்த வருஷம் தீட்டு என்பதால் மூன்றாம் நாளைத் துளசி வீட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த வருஷம் சாமிநாதன் பழைய நோட்டீசைத் தேதி மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார். அச்சில் வந்ததை மாற்றக் கூடாது என்றார். துளசியும் மாற்றச் சொல்லவில்லை. பவளத்துக்கு ஏழாம் நாளைத் தருவதாகச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றாள். அன்று முதல் ஒவ்வொரு மூன்றாம் நாளும் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போகும். மற்ற ஒன்பது நாளும் வயிறு நன்றாக வேலை செய்யும்.

“நம்ம பெட்டியில அவ பேசட்டும், நான் வேணாங்கல,” என்றாள் பவளம். “அவ பெட்டியில போய் நான் பேசணுமா? மூணாம் நாளத்தான் எடுத்துக்கிட்டா. இப்ப நான் வாயத் தொறக்கிறதும் அவ தயவுலயா?”

“அம்மா, நீ இப்பவே அவங்க பெட்டிகிட்டத்தான் உக்காந்திருக்க. பலகைக்குப் பின்னால இருக்கு.”

“பலகை நம்முது.”

“பலகை தோட்டத்துதும்மா.”

பவளம் அதற்குச் சொன்ன பதிலில் தோட்டம், கம்பெனி, ஈப்போ, பாலிடெக்னிக் எல்லாமே வந்தன. கையெழுத்து மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. உமாதேவி பிரிஞ்சாங்குக்கு வேலைக்குப் போகாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கதவில் இந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவள் அதை நூறு முறை பார்த்திருப்பாள். அன்று ஒரு பொறியாளரின் கண்ணோடு பார்த்தாள். ஒரு வீடு ஆக்கிப் போட, பதினேழு வீடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. யாருக்கும் கூச்சமில்லை. ஏனென்றால் தனக்கு ஒரு நாள் இருக்கிறது, அன்று மற்றவர்கள் தன் இலையில் உட்கார்வார்கள். நாள் இல்லாத வீடுகள் கூட பூவோ பாலோ என்று எதையாவது தங்கள் பெயரில் எழுதிவைத்திருந்தன. இந்த ஜனங்களுக்கு வாங்குவது பிரச்சினை இல்லை. கொடுக்கும் நாள் தங்கள் பெயரில் இல்லாமல் வாங்குவதுதான் பிரச்சினை.

மடிக்கணினியைத் திறந்து ஒரு நாள் முறை போட்டாள். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை வீட்டுப் பெட்டிகள் எரியும், இரட்டைப்படை ஊமை. மறுநாள் மாற்றி. ஒரு நாளில் ஒன்பது பெட்டிதான் பேசும். ஒன்பதும் எல்லாருக்கும் திறந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகவே வந்தது. இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு வீட்டு இடைவெளி. மோதிக்கொள்ள ஆள் குறைவு.

சைஃபுலுக்கு வளைவுக்கு ஏறிப் போன் செய்து சொன்னாள். “இது என்னா உமா, திருவிழாவா நடத்துற?” என்று கேட்டார். “ஆமா பாஸ்,” என்றாள்.

சாமிநாதனுக்குத் திட்டம் உடனே பிடித்துப்போனது. நோட்டீஸ் அடிக்கலாமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அன்று மாலையே ‘பெட்டி உபயம்’ என்று மஞ்சள் தாளில் ஒன்று தயாரானது. முதல் வீடு முதலில், அடைப்புக்குள் தலைவர். ஆண்டியப்பன் மட்டும் விரல் விட்டு எண்ணி, முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து ஒற்றைப்படைக்கே போகிறதே என்று ஆட்சேபம் தெரிவித்தார். சாமிநாதன் அதைக் கமிட்டி பரிசீலிக்கும் என்றார். கமிட்டி என்பது அவர்தான்.

பவளம் மஞ்சள் தாளைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

“மூணாந்தேதி யாருக்கு?”

“ஒத்தைப்படை. நமக்கு.”

“எட்டாம் நம்பருக்கு இல்லல்ல?”

“இல்லம்மா. அன்னைக்கு அவங்க பெட்டி எரியாது.”

பவளம் பேனாவை வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டு உமாதேவி பார்த்ததில்லை. ஏழாம் வீட்டு நாளில் துளசியின் கைப்பேசி பெரும்பாலும் பவளத்தின் பெட்டியைப் பிடிக்காது, தன் கிழக்குப் பலகையில் ஒட்டியிருக்கும் ஒன்பதாம் வீட்டுப் பெட்டியைத்தான் பிடிக்கும். இது உமாதேவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். மேனேஜர்களின் சிகரெட்டைப் போல இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கவனிக்கத் தவறியது ஒன்றே ஒன்று. சோதனைத் தேதியான பதினெட்டு இரட்டைப்படை.

சனிக்கிழமை நான்கரைக்குக் கம்பெனி இன்ஜினியர் வந்துவிட்டார். சைஃபுல் கூடவே வந்து, அத்தா கடையிலிருந்து ஒரு பை நிறையப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். இன்ஜினியர் தின்றார், ஆனால் மனம் இளகவில்லை. நேரத்தை மாற்ற முடியாது, நாள் முறையை இன்று ஒரு நாளைக்குத் திருப்பிப் போடவும் கூடாது, எழுதிக் கொடுத்தபடிதான் சோதிப்பேன் என்றார். உமாதேவி அம்மாவைத் தேடிப் போனாள். பவளம் வீட்டில் இல்லை. வாசலில், பதினெட்டு வீட்டுக்கும் வெளியே, மலை பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசியை முந்தானையில் சுருட்டி வைத்திருந்தாள்.

“இன்னைக்கு அவ நாளு,” என்றாள். “நாளைக்குக் கேளு, நாள் முழுக்கப் பேசறேன்.”

“நாளைக்குப் பொட்டி இருக்காதும்மா.”

பவளம் உள்ளே வந்து, கிழக்குச் சுவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு லயம் ஒரே மூச்சில் பேச ஆரம்பித்தது. சாமிநாதன் யாரிடமோ தன்னைத் தலைவர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வது ஏழாம் வீடு வரை கேட்டது. ஆண்டியப்பன் தன் நெஞ்சு வலிக் கதையைத் தாப்பாவில் இருந்த சம்பந்திக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். உமாதேவியின் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. பத்து, பதின்மூன்று, பதினாறு, பதினேழு. அங்கேயே நின்றது. வாசலில் நின்ற இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். சைஃபுல் கையில் இருந்த பலகாரத்தைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி மூன்று நிமிஷத்துக்குள் பதினெட்டும் ஏறவில்லையென்றால் முடித்துவிடலாம் என்றார் இன்ஜினியர்.

அப்போது பவளத்தின் முதுகுக்குப் பின்னால் பலகை பேசியது.

“என்னக்கா, சத்தமே காணோம்?” துளசியின் குரல். பத்து வருஷத்தில் பவளத்தை நேராகக் கூப்பிட்டு வந்த முதல் சொல். “கூச்சப்படாம பேசுங்க. இன்னைக்கு எங்க உபயம். வயிறு சரியில்லன்னு சொல்லிடாதீங்க.”

உமாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

பவளம் மெதுவாகத் திரும்பி, பலகையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மகள் பக்கம் குனிந்து, லயத்தில் உமாதேவியைத் தவிர யாருக்கும் வராத சன்னக் குரலில் கேட்டாள்.

“ஏன் உமா, நான் பேசப் பேச அவ பொட்டியில தீருமா?”

தீராது. அது தோம்புப் பீப்பாயில் பிடித்து வைத்த தண்ணீர் இல்லை. ஓர் அழைப்புக்கு ஆகும் மின்சாரம் சாமி விளக்கின் பக்கத்தில் கூட நிற்காது. ஏழு பக்கக் கட்டுரை எழுதி விளக்கக்கூடிய அளவுக்கு உமாதேவிக்கு இது தெரியும், இரண்டு மொழியில்.

“தீரும்மா,” என்றாள்.

பவளம் கைப்பேசியை எடுத்தாள். கம்போங் ராஜாவில் இருக்கும் தங்கையை அழைத்தாள். திரையில் பதினெட்டாவது கோடு ஏறியது. தங்கை என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். விஷயம் ஒன்றுமில்லை, சும்மாதான், உனக்கு அவசரம் ஒன்றும் இல்லையே என்றாள் பவளம். பிறகு நாற்காலியை இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளி, தலை பலகையில் இடிக்கும்படி சாய்ந்துகொண்டு, பக்கிரிசாமி தன்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.

ஐந்து பதின்மூன்றுக்குச் சோதனை முடிந்தது. ஓர் அழைப்பும் அறுபடவில்லை. இன்ஜினியர் படிவத்தில் குறித்துக்கொண்டு, பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஒன்றுவிட்டு ஒன்றை ஊமையாக்கும் இந்த முறையை எங்கே படித்தீர்கள் என்று உமாதேவியிடம் மலாயில் கேட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் என்று அவளும் மலாயில் சொன்னாள். சைஃபுல் கையில் இருந்ததை ஒரு வழியாக வாயில் போட்டுக்கொண்டு, அத்தாவுக்குச் சொல்லப் போனார்.

மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகப் பேச்சை முடித்தன. சாமிநாதன் முடித்தார். ஆண்டியப்பன் கூட முடித்தார். ஏழாம் வீட்டுக் கோடு மட்டும் ஆறு மணிக்கும் இறங்கவில்லை. பவளம் அப்போதுதான் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டில் என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பலகை முழுவதும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போதும்கா,” என்றாள் துளசி அந்தப் பக்கத்திலிருந்து.

பவளம் கைப்பேசியை வாயிலிருந்து நகர்த்தாமலே பதில் சொன்னாள். “என்னாடி, அளந்தா குடுக்கிற?”